போனுக்குப் பின்னால் நின்றவர்

என் கல்யாண ஆல்பத்தில் என் முகம் முழுசாகத் தெரிகிற படம் ஒன்றுகூடக் கிடையாது. எல்லாவற்றிலும் வகிடுதான் தெரியும். "நிமிந்து பாருங்க அம்மணி, நெலத்துல என்னத்தத் தேடறீங்க" என்று போட்டோக்காரர் கேட்டதும், மண்டபத்தில் முன்வரிசை சிரித்ததும் நன்றாக நினைவிருக்கிறது. அப்போதும் நான் நிமிரவில்லை. பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான். வருகைப் பதிவில் என் பெயர் வந்தால் எழுந்து நிற்பேன், வாய் திறக்கும், சத்தம் வராது. ஆசிரியர் தலையைத் தூக்கிப் பார்க்காதவராக இருந்தால் அன்று நான் பள்ளிக்கூடம் வராதவள். பத்தாவதோடு படிப்பு நின்றபோது நான் பெரிதாக அழாததற்கு அதுவும் ஒரு காரணம்.

அப்படிப்பட்ட நான் இப்போது ஞாயிறுதோறும் காலையில் மொட்டை மாடியில் உட்கார்ந்து, முன்பின் பார்த்திராத சில நூறு பேரிடம் செடி வளர்ப்பதைப் பற்றிப் பேசுகிறேன். கேமராவைப் பார்த்தால் வருகிற பயம் போக ஒரு வழி சொல்லுங்கக்கா என்று சில பெண்கள் தனியாகச் செய்தி அனுப்புகிறார்கள். இரண்டு வரியில் பதில் எழுதிப் பார்த்தேன், வரவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதினால்தான் வரும் போலிருக்கிறது.

என் வீட்டுக்காரர் அன்னூரில் ஓர் உரக்கடையில் வேலை பார்த்தார். துடியலூரில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து தினமும் வண்டியில் போய் வருவார். கடை முதலாளி வேறொருவர். ஆனாலும் வருகிற விவசாயிகள் இவரைத்தான் தேடுவார்கள். சட்டைப்பையில் மடித்துவைத்த வாழை இலைத் துண்டை எடுத்து, "இதுக்கு என்ன வந்திருக்குதுன்னு பாருங்க" என்று நீட்டுவார்கள். இவர் அந்த இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே அவர்கள் மகனுடைய படிப்பு, மாமியாரின் முட்டிவலி, போர்வெல் தண்ணீர் எல்லாவற்றையும் விசாரித்து முடிப்பார். கடைசியில்தான் மருந்து. பல சமயம் "மருந்தே வேண்டாமுங்க, தண்ணியக் கொறைச்சுப் பாருங்க" என்று அனுப்பிவிடுவார். முதலாளிக்கு அது பிடிக்காது. இவர் சிரித்துக்கொள்வார்.

வீட்டுக்கு வந்தாலும் பேச்சுதான். நான் "உம்" கொட்டிக்கொண்டு வெங்காயம் உரிப்பேன். பேசுவது ஒரு ஆளுக்கு, கேட்பது ஒரு ஆளுக்கு என்று வீட்டு வேலையைப் போல அதையும் பிரித்துக்கொண்டிருந்தோம். அதில் எனக்குக் குறையே இருந்ததில்லை.

ஊரடங்கில் கடை அடைத்திருந்தபோது பேச ஆளில்லாமல் அவர் தவித்துப்போனார். மாடிக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருப்பார். வெள்ளகோவிலில் கட்டிக்கொடுத்த எங்கள் மகள்தான் போனில் சொன்னாள்: "மாடியில இருக்கற செடியெல்லாம் காட்டி லைவ்ல பேசுங்கப்பா. அம்மா எத்தனை நாளைக்குத்தான் ஒருத்தியே கேப்பாங்க." அவளே இணையத்தில் ஒரு பக்கம் ஆரம்பித்துக் கொடுத்தாள். போனைப் பிடிப்பது என் வேலையாயிற்று. "வணக்கமுங்க, எல்லாரும் சாப்பிட்டாச்சுங்களா" என்று அவர் தொடங்குவார். நான் சத்தம் போடாமல் மூச்சு விட்டுக்கொண்டு எதிரில் நிற்பேன். மாவுப்பூச்சிக்கு வேப்பெண்ணெய் எப்படிக் கலக்குவது, தேங்காய் நார்க்கழிவை எத்தனை தண்ணீர் அலசுவது என்று அவர் சொல்லச் சொல்ல ஆட்கள் சேர்ந்தார்கள். ஊரடங்கு முடிந்து கடை திறந்த பிறகும் ஞாயிற்றுக்கிழமை லைவ் நிற்கவில்லை. ஒரு வாரம் தவறினால் "ஐயாவுக்கு என்னாச்சு" என்று கேட்க ஆள் இருந்தார்கள். அதை எனக்குப் படித்துக் காட்டும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

பிறகு அவர் குரல் கரகரத்தது. பேசிப் பேசித் தொண்டை கட்டிக்கொண்டது என்று மிளகுக் கஷாயம் வைத்துக் கொடுத்தேன். வாரக்கணக்கில் இல்லை, மாதக்கணக்கில் கொடுத்தேன். இன்றும் மிளகை நசுக்கும்போது என் கை ஒரு நிமிடம் நின்றுவிட்டுத்தான் நசுக்குகிறது.

கடைசியில் ஆஸ்பத்திரியில் காட்டியபோது புற்றுநோய், குரல்வளையை எடுத்தாக வேண்டும் என்றார்கள். "எடுத்துப்போட்டா பேச்சுங்க?" என்று கேட்டார். டாக்டர் வார்த்தையைத் தேடிக்கொண்டிருந்தபோதே இவர், "சரிங்க, புரியுதுங்க" என்று அவருக்குச் சிரமம் கொடுக்காமல் முடித்துவிட்டார். ஆஸ்பத்திரியில் சேர்வதற்கு முந்தின ஞாயிறு லைவில், "ஒரு சோலியா வெளியூர் போறேனுங்க, ரெண்டு மூணு வாரம் ஆவும்" என்று மட்டும் சொன்னார். அந்த வீடியோவில் அந்த இடத்தில் படம் ஆடும். என் கைதான் ஆடியது.

திரும்பி வந்தவர் கழுத்தில் ஒரு துளையும் அதை மூட ஒரு துணியுமாக வந்தார். தொண்டையில் வைத்துப் பேசுகிற சிறிய கருவி ஒன்றைக் கொடுத்திருந்தார்கள். ஒரே ஒரு தடவை அதை வைத்து என்னைக் கூப்பிட்டார். மிஷின் பேசுவது போல வந்த அந்தச் சத்தத்தைக் கேட்டு நான் திரும்பிப் பார்த்த பார்வையில் ஏதோ இருந்திருக்க வேண்டும். பீரோவில் வைத்தவர் பிறகு அதை எடுக்கவில்லை.

கடை வேலை போயிற்று. மாடிக்குப் போவது நின்றது. செடிகளுக்கு நான்தான் தண்ணீர் ஊற்றினேன். அவர் காலையிலிருந்து போனைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருப்பார். "ஐயா எப்ப வருவீங்க" என்று கேட்டிருந்த செய்திகளைப் படிப்பார். யாருக்கும் பதில் போடமாட்டார். முதல் மாதம் அந்தக் கேள்விகள் நிறைய வந்தன. இரண்டாம் மாதம் குறைந்தன. ஒரு நாள் போனை என்னிடம் நீட்டினார். அந்த வாரம் ஒரே ஒருவர்தான் கேட்டிருந்தார். விரலால் அந்த ஒன்றைக் காட்டிவிட்டு, கையை விரித்தார். சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

அந்தக் கூட்டம் கலைந்தால் இவரும் கலைந்துவிடுவார் என்று எனக்குப் பட்டது. இவர் இருக்கும்வரையாவது அவர்களைக் கலையவிடக் கூடாது. எனக்கு இருந்த நினைப்பு அவ்வளவுதான். பேச வேண்டும், பேர் வாங்க வேண்டும் என்பதெல்லாம் மனசிலேயே இல்லை.

"நான் பேசட்டுங்களா" என்று கேட்டேன். அவர் திரும்பி என்னை ஏற இறங்கப் பார்த்தார். முப்பது வருடத்தில் நான் கேட்ட வேடிக்கையான கேள்வி அதுதான் போல.

மகள் போனில் பாடம் நடத்தினாள். "லென்ஸப் பாருங்கம்மா. அதுதான் அவங்க கண்ணு. சிரிச்ச மொகமா இருங்க. கையை ஆட்டிப் பேசுங்க." போனை ஸ்டாண்டில் வைத்து உட்கார்ந்தேன். அந்தக் கறுப்புப் புள்ளியைப் பார்த்தால் கைப்பிடிச்சுவர் இல்லாத கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பது போல இருந்தது. "வணக்கம்" என்பதற்குள் வாய் உலர்ந்தது. பதிவு செய்ததைப் போட்டுப் பார்த்தால் ஒரு பெண்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு தக்காளிச் செடியிடம் ஏதோ மன்னிப்புக் கேட்கிற மாதிரி இருந்தது. நாலு நாள் முயன்றேன். நாலு நாளும் அழித்தேன்.

அடுத்த தெருவில் என் வீட்டுக்காரரின் அக்கா இருந்தார். அவரை நான் நங்கையா என்று கூப்பிடுவேன். ஒருநாள் மாடிக்கு வந்தவர் நான் போனைப் பார்த்துத் தனியாக முணுமுணுப்பதைப் பார்த்துவிட்டார்.

"ஏனம்மணி, கெரகம் ஏதாச்சும் புடிச்சிருக்குதா."

"லைவ் பேசறதுக்குப் பழகறனுங்க நங்கையா."

"ஊட்டுக்கு ஒறம்பரைன்னு நாலு பேரு வந்தா அடுப்படிய உட்டு வெளிய வரமாட்டே. நீ ஊரு ஒலகத்துக்குப் பேசப்போறியாக்கும். எம்பட தம்பிக்குத்தான் வாயில்லாமப் போச்சு, உனக்கு மூளையுமில்லாமப் போச்சா."

அவர் இறங்கிப்போன பிறகு என் வீட்டுக்காரர் மாடிப்படி ஏறி வரும் சத்தம் கேட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவர் மாடிக்கு வந்தது அதுதான் முதல் தடவை. எல்லாம் கீழே கேட்டிருக்கும். ஸ்டாண்டிலிருந்து போனை எடுத்தார். தன் நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு எனக்கு எதிரில் நின்றார். ஒரு விரலால் தன் முகத்தைக் காட்டினார். என்னைப் பார்த்துப் பேசு என்று அர்த்தம்.

அவரைப் பார்த்துப் பேசினேன். பேச வந்தது.

அவர் கையைத் தூக்கினால் சத்தமாகப் பேச வேண்டும். காதைப் பிடித்தால் சொன்னதையே சொல்கிறேன் என்று பொருள். எனக்குப் பதில் தெரியாத கேள்வி வந்தால் நோட்டில் பெரிதாக எழுதி மேலே தூக்கிக் காட்டுவார். போனுக்கு எதிரில் அவரும் பின்னால் நானும் நின்ற இடம் அப்படியே மாறிவிட்டது. சில வாரம் கழித்து ஒரு பெண் எழுதினாள்: "அக்கா, நீங்க எங்களப் பாக்கற மாதிரியே இல்ல. எங்களுக்குப் பின்னால யாரோ நிக்கறாங்க, அவங்களப் பாக்கற மாதிரி இருக்கு." நான் அதைச் சத்தமாகப் படித்துவிட்டு "ஆமாங்க" என்றேன்.

முதல் லைவில் நடந்ததைச் சொல்ல வேண்டும். எங்கள் ஊர்ப் பக்கத்தில் வீட்டுக்கு வருகிறவர்களை ஒவ்வொருவராகப் பார்த்து "வாங்க" என்று கேட்டாக வேண்டும். கூட்டமாகச் சேர்த்துக் கேட்டால் கேட்டதாகாது. "போனேன், ஒரு வார்த்தை வாங்கன்னு கேக்கலை" என்று பத்து வருடம் பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கிற சொந்தங்கள் எனக்கே இரண்டு மூன்று உண்டு. லைவ் தொடங்கியதும் திரையில் ஆட்களின் பெயர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி வந்தன. நான் பயந்துபோய் ஒவ்வொரு பெயராகப் படித்து, "வாங்க, வாங்கக்கா, வாங்க தம்பி, நல்லா இருக்கீங்களா" என்று கேட்க ஆரம்பித்தேன். கேட்டு முடிப்பதற்குள் இன்னும் நாலு பெயர் ஏறும். யாரையாவது விட்டுவிட்டால் என்ன நினைப்பார்களோ என்று விடாமல் கேட்டேன். ஒரு பெயர் சட்டென்று மேலே போய் மறைந்துவிட்டது. "இப்ப ஒருத்தர் வந்தீங்களே, பேரு சரியாப் பாக்கலைங்க, வாங்க, தப்பா எடுத்துக்காதீங்க" என்றேன். அரைமணி நேரம் ஆயிற்று. கத்தரிச் செடி பக்கத்திலேயே காத்திருந்தது. அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

நிமிர்ந்து பார்த்தால் அவர் குலுங்கிக்கொண்டிருந்தார். கழுத்துத் துணி மேலும் கீழுமாகத் துடித்தது. மூச்சு முட்டுகிறதோ என்று பதறி எழுந்துவிட்டேன். சிரிக்கிறார் என்று புரிய நேரம் பிடித்தது. சத்தமில்லாத அந்தச் சிரிப்பை அன்றுதான் முதலில் பார்த்தேன். கண்ணில் தண்ணீர் வழிய, போனை விடாமல் பிடித்துக்கொண்டு சிரித்தார். அன்று மத்தியானம் இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

அடுத்த வாரம் பாதிப் பேர் அந்த "வாங்க"வுக்காகவே வந்தார்கள். "என் பேரச் சொல்லலைங்க" என்று சண்டைக்கு நின்றவர்களும் உண்டு. இப்படித்தான் எனக்குப் பேச்சு பழகியது. வீட்டுக்கு வந்தவர்களை "வாங்க" என்று கேட்கிற மாதிரி கேட்டேன். மற்றதைக் கேள்வி கேட்டவர்களே இழுத்துக்கொண்டு போனார்கள்.

ஆனால் எனக்குப் பழகப் பழக வேறொன்றும் நடந்தது. ஒருநாள் மத்தியானம் துணி மடித்துக்கொண்டிருந்தேன். உள்ளே அவருடைய பழைய குரல் கேட்டது. மனசு ஒரு நொடி எதையோ நம்பிவிட்டது. எட்டிப் பார்த்தேன். பழைய வீடியோவைப் போட்டு வைத்துக்கொண்டு, அதில் வருகிற பேச்சுக்கு ஏற்றபடி வாயை அசைத்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தைகூடத் தப்பாமல் உதடு கூடவே போனது. நான் வந்த வழியே திரும்பி, மடித்த துணியையே மறுபடி மடித்தேன்.

இன்னொரு நாள் ஒருவர் நல்லெண்ணத்தில்தான் எழுதியிருந்தார்: "ஐயாவ விட அக்கா சொல்றது தெளிவா இருக்கு." அதை முதலில் பார்த்தவர் இவர்தான். என்னிடம் கொண்டுவந்து காட்டினார். கட்டை விரலை உயர்த்தினார். முகத்தில் சிரிப்பும் இருந்தது. மறுபடி என்னோடு தண்ணீர் ஊற்றப் பழகியிருந்தவர் அன்று சாயங்காலம் மாடிக்கு வரவில்லை. நான் அவருக்காக அந்தக் கூட்டத்தைப் பிடித்து வைத்திருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டுவிட்டேனோ என்று அன்றைக்குத்தான் தோன்றியது. கேட்கவும் முடியவில்லை. கேட்டால் நோட்டில் "அப்படியெல்லாம் இல்லை" என்று எழுதிக் காட்டுவார். எழுத்தில் குரல் தெரியாது.

ஒரு வருடம் ஓடியது. நோய் திரும்பி வந்தது. மாடிப்படி ஏற முடியாமல் போயிற்று. போனை ஸ்டாண்டில் வைத்துவிட்டு நான் மட்டும் மேலே உட்கார்ந்தேன். அவர் கீழே கட்டிலில் படுத்தபடி இன்னொரு போனில் பார்த்தார். எதிரில் முகம் இல்லாமல் எப்படிப் பேசப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது, ஏறி வந்த பெயர்களில் அவர் பெயரும் வந்தது.

எல்லாப் பெயரையும் சத்தமாகப் படிக்கிறவள் அந்த இடத்தில் நின்றுவிட்டேன். புருசன் பெயரை நான் ஒருநாளும் வாயால் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூட அட்டையைக் காட்டுவேன். வெறுமனே "வாங்க" என்றேன்.

உடனே ஒரு வரி வந்தது. "எல்லார்த்தையும் பேர் சொல்லிக் கேக்கறீங்க. என்னைய மட்டும் மொட்டையா வாங்கன்னா எப்படிங்க."

எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. சேலைத் தலைப்பை எடுத்து வாயில் வைத்துக்கொண்டேன். பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு ஆள் யாரென்று புரிந்துவிட்டது. அவர்களும் சேர்ந்துகொண்டு, "பேரச் சொல்லுங்கக்கா", "ஐயா பாவம்", "ஒரே ஒரு வாட்டி" என்று வரிசையாக எழுதினார்கள். "இருக்கட்டுமுங்க, அவிங்களுக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு வெண்டைக்குப் போய்விட்டேன். அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அவர் அப்படி வம்பு செய்வார். எனக்குப் பதில் தெரியாதபோது பதிலையும் எழுதுவார். வர வர அவர் எழுதுவதற்கு நேரம் பிடித்தது. கடைசிச் சில வாரங்களில் இரண்டு வார்த்தை, பிறகு ஒரு வார்த்தை. கடைசி ஞாயிறு அவர் பெயர் மட்டும் ஏறி வந்தது. அதற்குக் கீழே ஒன்றும் வரவில்லை.

ஒரு வியாழக்கிழமை மத்தியானம் போய்விட்டார்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு போனைத் திறந்தால், "ஐயா எப்படி இருக்காங்க" என்று கேட்டு நிறைய வந்திருந்தது. எழுதிப் போட்டுவிடலாம் என்று மகள் சொன்னாள். சாவுச் செய்தியை ஆளனுப்பிச் சொல்வதுதான் முறை. அனுப்ப ஆள் இல்லை, நானே சொல்லிவிடுகிறேன் என்றேன். நங்கையா தடுத்தார். "இந்த நெத்தியோட போயி அதுக்கு முன்னால உக்காருவியா அம்மணி. மூணு மாசமாவது போவட்டும்." நான் கேட்கவில்லை.

அன்று பெயர்கள் ஏறி வந்தன. நான் யாரையும் "வாங்க" என்று கேட்கவில்லை. சாவு நடந்த வீட்டில் அப்படிக் கேட்க மாட்டோம். என் நெற்றியைப் பார்த்ததும் சிலருக்குப் புரிந்திருக்கும். அவர் எப்போது போனார் என்பதையும், வலியில்லாமல் போனார் என்பதையும் சொன்னேன். இரண்டாவது சொன்னது பொய்.  ஸ்டாண்டுக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி மட்டும் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வழக்கமாக லைவ் முடியும்போது "போயிட்டு வாரேனுங்கக்கா", "அடுத்த வாரம் பாக்கலாமுங்க" என்று சொல்லிக்கொண்டுதான் எல்லாரும் போவார்கள். அன்று ஒருவர்கூட எதுவும் எழுதவில்லை. மேலே ஓரத்தில் எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று காட்டுகிற எண் மட்டும் இறங்கிக்கொண்டே வந்தது. முந்நூறு, இருநூறு, எண்பது, பன்னிரண்டு. கடைசியில் ஒன்றுமில்லை. நான் அணைக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

அழுகை அப்போதுதான் வந்தது. அவர் போன அன்றுகூட அப்படி அழவில்லை. இத்தனை வருடம் அவர் சேர்த்து, நான் காவல் காத்த கூட்டம், அவர் இல்லை என்று தெரிந்ததும் ஒரு வார்த்தை சொல்லாமல் எழுந்து போய்விட்டது என்று நினைத்தேன்.

கீழே வந்து நங்கையாவிடம் சொன்னேன். அவர் சுவரில் சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். 

"எழவு ஊட்டுக்கு வந்துட்டு ஆராச்சும் போயிட்டு வாரேன்னு சொல்லிட்டுப் போவாங்களா அம்மணி."

நான் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"சொல்லாமத்தான எந்திரிச்சுப் போவோணும். மொறை தெரிஞ்ச சனம் போலிருக்குது." சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "போனுக்குள்ள இருந்துக்கிட்டும் மொறைய உடலை பாரு."

எனக்கு அது தோன்றவே இல்லை. என் ஊர் வழக்கத்தை நானே மறந்து அவர்களைத் தப்பாக நினைத்திருந்தேன். அவர்களில் எத்தனை பேர் எங்கள் ஊர்ப் பக்கத்து ஆட்கள், எத்தனை பேர் என்ன எழுதுவதென்று தெரியாமல் பேசாமல் போனவர்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நங்கையா சொன்னதையே நம்பிக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு மாடிக்குப் போக எழுந்தேன். பின்னாலேயே நங்கையா முட்டியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் நின்று நின்று ஏறி வந்தார். ஸ்டாண்டுக்குப் பின்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்.

"எதுக்குங்க நங்கையா இத்தன படி ஏறி."

"அவன் இங்கதான நின்னுக்கிட்டிருந்தான். ஆளு எதுக்க இருந்தா உனக்குப் பேச்சு வருமாமா, உம்பட மக சொன்னா. பேசு, நான் இருக்கறேன்."

அவரைப் பார்த்துப் பேசத் தொடங்கினேன். முடியவில்லை. அக்காவுக்கும் தம்பிக்கும் ஒரே புருவம், ஒரே மூக்கு. பக்கத்தில் பார்த்துப் பழகியபோது தெரியாத சாயல், போனுக்குப் பின்னால் இருந்து பார்த்தபோது அப்படியே தெரிந்தது. நான் வாயைத் திறந்தபோது அவரும் வாயைக் கொஞ்சம் திறந்தார்.

"நங்கையா, அக்கட்டால நெழல்ல போயி உக்காருங்களேன்" என்றேன்.

"ஏன், நான் என்ன பண்ணினேன்."

"ஒண்ணும் பண்ணலீங்க. உங்களப் பாத்தா எனக்கு முடியலீங்க."

அவருக்குப் புரிந்துவிட்டது. எழுந்து, தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கம் போய் எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்துகொண்டார். அவர் தோள் அசைந்ததை நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

எதிரில் யாருமில்லை. கீழே கட்டிலிலும் யாருமில்லை. பார்ப்பதற்கு அந்தக் கறுப்புப் புள்ளி ஒன்றுதான் இருந்தது. அதைப் பார்த்தேன். கிணறும் தெரியவில்லை, கண்ணும் தெரியவில்லை. அது ஒரு சிறிய கண்ணாடி, அவ்வளவுதான். அதைப் பார்த்துக்கொண்டே பேசினேன். நடுவில் ஒருவர், வெற்றிலைக் கொடி நன்றாகப் படர்கிறது, இலை மட்டும் சிறுத்துப் போகிறது, என்ன செய்வது என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. பார்வை தானாக மேலே போய் நோட்டைத் தேடியது. பிறகு திரையில் என் வீட்டுக்காரர் பெயரைத் தேடியது.

"எனக்குத் தெரியலைங்க" என்றேன். "இதெல்லாம் அவிங்களுக்குத்தான் தெரியும்."

 பிறகு யாரோ எழுதினார்கள், நிழல் போதாமல் இருக்கும், ஐயா ஒரு தடவை சொன்னார் என்று. இன்னொருவர் அதை மறுத்தார், செடித் தொட்டியில் தண்ணீர் தேங்குகிறதா என்று பார்க்கத்தான் ஐயா சொன்னார் என்றார். இருவரும் அவர் சொன்னது எது என்று வாதம் செய்தார்கள். நான் இரண்டு பேர் எழுதியதையும் மாற்றி மாற்றிப் படித்துக்கொண்டிருந்தேன்.

கேமரா பயம் எப்படிப் போயிற்று என்று கேட்கிறவர்களுக்கு இதற்குமேல் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. இப்போது பயம் இல்லை. நிமிர்ந்துதான் பேசுகிறேன், லென்ஸைப் பார்த்துத்தான் பேசுகிறேன். அக்கா முன்னைவிட நேராக எங்களைப் பார்க்கிறீர்கள் என்று எழுதுகிறார்கள். முடிந்ததும் போனை அணைத்துவிட்டு, ஸ்டாண்டை மடக்கி, நங்கையாவின் கையைப் பிடித்து மெதுவாகக் கீழே கூட்டிக்கொண்டு வருகிறேன்.